வாடிப்பட்டி கிளினிக்கில் அன்று ஆட்டோகிளேவ் ஏன் இல்லை

டாக்டர் தெய்வசிகாமணி மேடையில் சொன்னது பொய்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. போன மாதம் மதுரையில் நம் மருத்துவர் சங்கம் ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தியது. தனியார் பல் கிளினிக்குகளை ஆய்வு செய்யும் பொறுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவர் வகுப்பெடுத்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே நிதானமான குரல். "வாடிப்பட்டியில ஒரு கிளினிக். முன்கூட்டிச் சொல்லாமப் போனோம். உள்ள ஆட்டோகிளேவே கிடையாது. அன்னைக்கே மூடினோம். முகதாட்சண்யம் பாத்தா ஆய்வு பண்ண முடியாது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், "மேடம், நீங்களும் அந்த டீம்ல இருந்தீங்களாமே, சொல்லுங்க மேடம்" என்றாள். எழுந்து மைக் கேட்டேன். "சாப்பாடு ரெடி மேடம், நேரமாச்சு" என்றார்கள். அங்கே சொல்ல முடியாததை நம் சங்க இதழில் எழுதுகிறேன். ஆசிரியர் குழு வெட்டாமல் போட்டால் நல்லது.

நான் அரசுப் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், படி என்றார், படித்தேன். கல்லூரியில் கை பழகியதை விட மேலூர்ப் பக்கம் முதல் வேலையில் சேர்ந்த பிறகு பழகியதுதான் அதிகம். குவாரியில் கல் தெறித்து முன்பல் போனவர்கள், வலி தாங்காமல் வெற்றிலைக்குள் புகையிலையை வைத்து அடக்கி வாய் வெந்து போனவர்கள், கன்னம் வீங்கிக் கண் மூடிய பிறகு பஸ் ஏறி வருகிறவர்கள். அது ஒரு கதை. இங்கே வேண்டாம்.

பிற்பாடு, தனியார் கிளினிக்குகளைப் பார்த்து உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் குழுவில் பல் மருத்துவர் ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் தெய்வசிகாமணி. அவர் பொது மருத்துவர், எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. இன்னொரு அலுவலர் கூட வருவார். தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அவரைப் பற்றி அவ்வளவு போதும்.

தெய்வசிகாமணியின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கை சுத்தமான மனிதர். எந்தக் கிளினிக்கிலும் ஒரு வாய் காபி குடித்ததில்லை. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு வருவார். போனதும் டாக்டரின் அறைக்குள் நுழைய மாட்டார். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். யார் வருகிறார்கள், யார் கையுறை மாற்றுகிறார்கள், துப்பும் தொட்டியை யார் கழுவுகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு கழிப்பறை. கடைசியில்தான் சான்றிதழ்கள்.

உள்ளே பார்ப்பது என் வேலை. பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்து, இரண்டு கை சேரும் மூட்டை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பேன். ரத்தக்கறை இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஊசியை வெட்டிப் போடும் டப்பாவைக் குலுக்குவேன். மரத்துப்போகும் மருந்தின் காலாவதி பார்ப்பேன். குப்பைக்கு மஞ்சள் பை, சிவப்புப் பை தனித்தனியாக இருக்கிறதா, இல்லை ஆய்வுக்காகக் காலையில் வாங்கி மாட்டியதா என்று முகர்ந்தாலே தெரியும். கடைசியில் ஆட்டோகிளேவ். இதழை வீட்டிலிருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அது நீராவி அழுத்தத்தில் கருவிகளைச் சுத்திகரிக்கும் பெட்டி. வெறும் வெந்நீரில் கொதிக்க வைத்தால் சாகாத கிருமி இதில் சாகும். அது இல்லாத பல் கிளினிக்கில் ஒருவர் வாயில் இருக்கும் நோய் அடுத்தவர் வாய்க்குப் போகும். அதனால் மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. இதில் தெய்வசிகாமணிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

மேலூர்ச் சந்தைப் பக்கம் படிக்காமல் பல் கட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்தபோது தெய்வசிகாமணி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆள், "எங்க அப்பா காலத்துலருந்து பாக்குறோம், எம்புட்டு ஜனம் வருதுன்னு பாருங்க" என்று கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. இவர் குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணே, உங்க புள்ளைக்குப் பல்லு வலிச்சா நீங்களே பாப்பீங்களா, டாக்டர்ட்ட போவீங்களா?" என்று கேட்டார். அவன் பேசாமல் ஷட்டரை இழுத்துவிட்டான். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. திரும்பி வரும்போது, இப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ணித்தான் இன்று வயிறு எரிகிறது.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். பெரியவர்களின் கிளினிக்குக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்னால் போன் செய்துவிடுவார். "சார், வர்ற புதன்கிழமை உங்க பக்கம் வாரோம். சும்மா ஒரு பார்வைதான்." கல்லூரியில் பாடம் எடுத்தவர்கள், சங்கத்தில் பதவி வகித்தவர்கள், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். நேற்று போர்டு மாட்டிய பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். "பெரியவங்க வீட்டுக்குச் சொல்லிட்டுப் போறதுதானம்மா மரியாதை? இதுல என்ன தப்பு?" என்றார். மனதார அப்படித்தான் நம்பினார். காசு வாங்கியிருந்தால் கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அந்தப் போன் என்ன செய்யும் என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன். சொல்லிவிட்டுப் போன இடங்களில் பெயிண்ட் வாசம் அடிக்கும். டிராயரில் சுத்திகரித்து வைத்திருக்கும் கருவிப் பைகள் அத்தனையும் ஒரே நாளில் ஒட்டியவையாக இருக்கும். ஆட்டோகிளேவ் கூடச் சில இடங்களில் இரவல்தான் என்று காதில் விழுந்தது. ஊருக்குள் பந்தல் சாமான் கைமாறுகிற மாதிரி, ஆய்வுக்கு முதல் நாள் இங்கிருந்து அங்கே போகும், முடிந்ததும் திரும்பி வரும். வதந்தி என்றுதான் நினைத்தேன்.

இனி பாண்டிச்செல்வம். என்னிடம் பயிற்சி டாக்டராக இருந்தவன். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம், அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த வீட்டில் முதல் டாக்டர். பேச்சு குறைவு. பல்லை எடுத்த பிறகு நோயாளியின் தாடையை ஒரு நிமிடம் கையில் தாங்கியபடியே நிற்பான். நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத பழக்கம் அது. வாடிப்பட்டியில் கிளினிக் திறந்தபோது என்னைக் கூப்பிட்டான், போனேன். நோயாளி உட்காரும் நாற்காலி பழையது. "எங்க புரொபசர் சார் சும்மாவே குடுத்தாரு மேடம்" என்றான். அந்தப் புரொபசர் கல்லூரியில் அவனுக்குப் பாடம் எடுத்தவர், ஆரப்பாளையம் பக்கம் பெரிய கிளினிக் வைத்திருப்பவர். ஆனால் ஆட்டோகிளேவை மட்டும் அவன் கடன் வாங்கி, பெரிதாக, நல்லதாக வாங்கியிருந்தான். கொண்டு வரும்போதே கதவின் கைப்பிடி உடைந்துவிட்டது. கம்பெனிக்காரன் வருவதாகச் சொல்லி வரவே இல்லை. பக்கத்து லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு கைப்பிடி கடைந்து மாட்டியிருந்தான். சும்மா திருப்பினால் திறக்காது. உள்ளே அழுத்தி, கொஞ்சம் தூக்கி, பிறகு திருப்ப வேண்டும். "எங்க வீட்டுக் கொல்லைக் கதவு மாதிரி மேடம், பழகணும்" என்று சிரித்தான். நானே இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் புரொபசரின் கிளினிக். தெய்வசிகாமணி முன்பே போன் செய்திருந்தார். போனதும் பெஞ்சில் உட்காரவில்லை, புரொபசரோடு ஏ.சி. அறைக்குள் போய்விட்டார். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் வழக்கம் போலப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுத்திகரிப்பு அறையில் ஒரு ஆட்டோகிளேவ். "திறம்மா" என்று அங்கிருந்த நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் திருப்பினாள், திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். முகம் வியர்த்துவிட்டது.

"தினமும் திறக்குறதுதானம்மா?"

"திறப்பேன் மேடம். இன்னைக்கு என்னமோ மொரண்டு புடிக்குது."

குனிந்து பார்த்தேன். பித்தளைக் கைப்பிடி. உள்ளே அழுத்தி, தூக்கி, திருப்பினேன். திறந்துகொண்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

புரொபசர் வெளியே வந்ததும், "சார், இது எப்ப வாங்குனது?" என்று கேட்டேன். "இப்பத்தாம்மா, போன மாசம்" என்றார். கண்ணிமைக்காமல் சொன்னார். பாண்டிச்செல்வம் வேறு வாங்கிவிட்டுப் பழையதை இவரிடம் விற்றிருக்கலாமோ என்று ஒரு நப்பாசை. அதனால் அங்கே மேற்கொண்டு பேசவில்லை. கிளினிக் தேறியது. பரிந்துரையில் தெய்வசிகாமணி கையெழுத்துப் போட்டார். பிறகு பார்க்கிறேன் சார் என்று நான் தள்ளி வைத்தேன்.

ஜீப்பில் ஏறியதும் அவர், "இந்த மாசம் சொல்லாமப் போனது ஒண்ணு கூடக் கணக்குல இல்ல. மேல கேப்பாங்க. வண்டியை வாடிப்பட்டிக்கு விடு. அங்க புதுசா ஒரு பையன் போட்டிருக்கான்ல" என்றார்.

நான் உடனே சொன்னேன்.

"சார், அங்க இன்னைக்கு ஆட்டோகிளேவ் இருக்காது."

"எப்படிம்மா தெரியும்?"

"காலைல நாம பாத்தோமே, அதுதான் சார் அது. கைப்பிடியை நான் திறந்து பாத்திருக்கேன். அவரு கேட்டிருப்பாரு, இவன் குடுத்திருப்பான்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வண்டி பரவை ஊரைத் தாண்டியது. பிறகு, "கேள்விப்பட்டதை வச்சு ஆய்வு பண்ண முடியாது. போய்ப் பாப்போம்" என்றார்.

"அப்ப இவனுக்கும் ஒரு போனைப் போடுங்க சார். நாளைக்கு வாரோம்னு சொல்லுங்க. காலைல போன இடத்துக்குப் போட்டீங்கள்ல?"

"அவன் சின்னப் பயம்மா."

சொன்னது இவ்வளவுதான். இந்தச் சொல்லை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

வாடிப்பட்டியில் பெஞ்சு நிறைய ஆள். பாண்டிச்செல்வம் ஒரு கிழவருக்குப் பல் அளவெடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவன், பின்னால் வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். குறடு சுத்தம். தொட்டி சுத்தம். பைகள் தேதி வாரியாக இருந்தன. அன்றைக்கு வேண்டிய கருவிகளை முந்தின நாளே சுத்திகரித்துப் பையில் ஒட்டி வைத்திருந்தான். அவன் வழக்கமே அதுதான். ஆனால் ஆட்டோகிளேவ் இருக்க வேண்டிய மேடை காலியாக இருந்தது. மேடையில் அதன் நான்கு கால்களின் தடம் இருந்தது.

"மெஷின் எங்க தம்பி?"

பாண்டிச்செல்வம் என்னைப் பார்த்தான். "சர்வீஸுக்குப் போயிருக்கு சார்."

"யாருட்ட?"

கிளினிக்கில் உதவிக்கு இருந்த முத்துலட்சுமி என்ற பெண் பொறுக்கமாட்டாமல், "சொல்லுங்க சார், யாரு வந்து தூக்கிட்டுப் போனதுன்னு சொல்லுங்க. எதுக்கு முழிக்கிறீங்க?" என்றாள். "நீ சும்மா இரு முத்து" என்றான். தனக்குப் பாடம் எடுத்தவரைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டால் இல்லை என்று சொல்லவும் வாய் வந்திருக்காது. இரவல் கொடுத்தது தப்பு. அதை நான் அவன் முகத்துக்கு நேராகவே பிறகு சொன்னேன்.

தெய்வசிகாமணி எழுத ஆரம்பித்தார். அப்போது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே, ஆரப்பாளையத்துலருந்து சாமான் வந்திருக்கு. புரொபசர் சார் குடுத்துவிட்டாரு, வேலை முடிஞ்சிருச்சாம். ஒரு ஆளு கை குடுங்க, கனமா இருக்கு" என்றான்.

பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து போய்க் கை கொடுத்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, தெய்வசிகாமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வழி கேட்டு நின்றார்கள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். பித்தளைக் கைப்பிடி அவர் முழங்கைக்கு நேரே இருந்தது. பார்த்தார். எழுதுவதை நிறுத்தவில்லை.

"சார், வந்திருச்சு. இப்ப இருக்கு" என்றான் பாண்டிச்செல்வம்.

"ஆய்வு நேரத்துல இல்லையே தம்பி."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "காலைல ஆய்வு நேரத்துல அங்க இருந்துச்சுல்ல சார், அது யாரோடது? அதையும் எழுதுங்க" என்று சத்தமாகவே சொன்னேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டர், நீங்க குழு உறுப்பினர். சாட்சி இல்ல" என்றார். என்னை எப்போதும் அம்மா என்று கூப்பிடுகிறவர், அன்று டாக்டர் என்றார். "அங்க ஆய்வு முடிஞ்சிருச்சு. முடிஞ்சதைத் தோண்டக் கூடாது."

முத்துலட்சுமி கேட்டாள்: "வாங்குனவரு பெயிலு, இரவல் வாங்குனவரு பாஸா? நல்லாருக்கு சார் உங்க பரிட்சை."

கிழவர் வாயில் அளவெடுக்கும் மாவு அப்படியே இருந்தது. பேச முடியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான்தான் போய் எடுத்துவிட்டேன்.

கிளினிக்கை மூடச் சொல்லும் பரிந்துரையில் நான் கையெழுத்துப் போடவில்லை, புரொபசரின் பரிந்துரையிலும் போடவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் போட்டால் போதும், போட்டார்கள். மேலே எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அடுத்த ஆய்வுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு வேறு ஒருவரைப் போட்டுவிட்டதாகத் தெரிந்தது. புரொபசருக்குப் போன் செய்தேன். "அந்தப் பையனுக்கு நான் எம்புட்டோ செஞ்சிருக்கேம்மா" என்றார். ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள் என்றேன். லைனை வைத்துவிட்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை. அதனால் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

மறு ஆய்வு வந்து கதவைத் திறக்க விடுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. அங்கே பல் பிடுங்கினால் மஞ்சள் காமாலை வரும் என்றார்கள். அதை விடப் பெரிய நோயின் பெயரையும் சொன்னார்கள். பஸ்ஸில் பாண்டிச்செல்வத்தின் அம்மா பக்கத்தில் உட்கார யோசித்தவர்கள் உண்டு. கிளினிக் திறந்தது, பெஞ்சு நிறையவில்லை. ஒருநாள் போயிருந்தேன். ஆட்டோகிளேவ் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "நேத்து வச்சதுதான் மேடம். யாரும் வரல. சும்மா இருந்தா கெட்டுப்போயிரும்னு ஓட்டுறேன்" என்றான்.

"புரொபசர் பேரை ஏன்டா சொல்லல?"

"அவரு குடுத்த சேர்லதான மேடம் அன்னைக்கு அந்தத் தாத்தா உக்காந்திருந்தாரு" என்றான்.

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு வேர் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்களாம். தாடையைக் கையில் தாங்கி நிற்க நேரமிருக்காது. வாடிப்பட்டியில் அந்த இடத்தில் இன்று செல்போன் கடை. அந்தப் பக்கத்து ஜனம் பல் வலி என்றால் பழையபடி பஸ் ஏறுகிறது, இல்லை குறடு வைத்திருக்கும் யாரோ ஒருவனிடம் போகிறது. ஆய்வு என்று ஒன்று இருப்பதே அப்படிப்பட்டவனிடம் ஜனம் போகக் கூடாது என்பதற்காகத்தான். நாங்கள் போய், இருந்த ஒரு நல்ல டாக்டரைக் கிளப்பிவிட்டு வந்தோம். இத்தனை வருஷ வேலையில் என் மனதில் ஆறாமல் இருப்பது இந்த ஒன்றுதான்.

பயிற்சிக் கூட்டம் முடிந்த சாயங்காலம் தெய்வசிகாமணி எனக்குப் போன் செய்தார். "என்னம்மா, மைக்கெல்லாம் கேட்டியாமே" என்று சிரித்தார். "பழசெல்லாம் எதுக்கு? அந்தப் பையனும் இப்ப நல்லாத்தான இருக்கான், மாசச் சம்பளம்." அவன் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். தெரியவில்லை.

பாண்டிச்செல்வம், சார். இங்கே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் காசு வாங்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாங்கவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். நீங்கள் இளம் டாக்டர்களுக்கு உதாரணமாகச் சொல்கிற அந்தக் கதையில் பாதியை விழுங்கிவிட்டீர்கள் என்கிறேன். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டப் போகிறவர்கள். யாருக்குப் போன் செய்ய வேண்டும், யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த வகுப்புக்கும் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அழைப்பிதழில் பார்த்தேன். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம், எடுக்க மாட்டேன். அதே மேடையில், அதே பிள்ளைகளுக்கு முன்னால், மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். லோடு ஆட்டோவிலிருந்து இறக்கி உங்கள் காலடியில் கொண்டு வந்து நிறுத்தினார்களே, அதைப் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்த பிறகும் ஏன் எழுதினீர்கள்?